கைதட்டல் மதிப்பீடு ஆகுமா?

(குமரி மாவட்டம் கொட்டாரத்தில் நடைபெற்றுவரும் சொற்பயிற்சி மன்றத்தின் திங்கட் கூட்டத்தில், உரைகளும் மதிப்பீடுகளும் முடிந்தபின் ஆற்றப்பெற்ற நிறைவுரை)

அவைத்தலைவர் அவர்களே, அன்புசால் தமிழ்ப் பெருமக்களே, வணக்கம்.

விளி இத்துடன் முடிந்தது. முன்வரிசையில் அமர்ந்திருப்போரை ஒவ்வொருவராகப் பெயரும் பட்டமும் சொல்லி விளிக்கவில்லையே என்று எவரும் மனம் வருந்தவேண்டா. அதற்குரிய கரணியத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

தமிழ்நாட்டில் பேச்சாளர்க்குக் குறைவே இல்லை. திருமணப் பந்தல், இறந்தார்க்கு இரங்கல், பள்ளி ஆண்டுவிழா, தேர்தல் திடல் என்று எங்கு நோக்கினும் ஒலிவாங்கி ஒன்று நிற்கிறது. அதன்முன் ஒருவர் நிற்கிறார். ஆயின், அப் பேச்சை இறுதிவரை கேட்டு, இதில் நிறை இஃது, குறை இஃது, இன்னவாறு திருத்திக்கொள்க என்று பேசினவரின் முகத்தெதிரே சொல்வார் எங்கே இருக்கின்றனர்? கூட்டம் கலைந்ததும் நாம் செய்வன இரண்டே. மேடையேறிச் சென்று, அவர் கையைப் பற்றிக்கொண்டு, "பொழிந்து தள்ளிவிட்டீர்கள் ஐயா" என்போம். தெருமுனைத் தேநீர்க்கடைக்கு வந்து சேர்ந்ததும், "என்னதான் பேசினார், ஒன்றும் விளங்கவில்லையே" என்போம். முன்னதனால் பேசினவர்க்குப் பயனில்லை. பின்னது அவர் செவிக்கு எட்டுவதில்லை. அவரோ முப்பது ஆண்டுக்காலம் அதே பிழையை அதே குரலில் செய்துகொண்டிருப்பார். அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. நாம் செய்த வஞ்சனை அது.

கொட்டாரம் என்னும் சொல்லுக்கு அரண்மனை என்றும், நெல் கொட்டிவைக்கும் களஞ்சியம் என்றும் பொருள் கூறுவர். நெல்லைக் களஞ்சியத்தில் சேர்க்குமுன் தூற்றுவது உழவர் வழக்கம். தூற்றாமல் சேர்ப்பவன் பதரையும் சேர்த்தே அளந்து ஏமாறுவான். இம் மன்றத்தார் மேற்கொண்டிருப்பது அத் தூற்றும் வேலையே.

இங்குக் கைக்கொண்டுள்ள முறை அமெரிக்க நாட்டில் தோன்றியது. கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா அனா என்னும் ஊரில், கிறித்தவ இளைஞர் கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், 1924-ஆம் ஆண்டு அக்தோபர் 22-ஆம் நாள் இரால்பு சுமெட்லி என்பார் கூட்டிய கூட்டமே, இன்று ஞாலமெங்கும் 'டோசுட்மாசுடர்சு' என்னும் பெயரில் பரவியுள்ள சொற்பயிற்சிக் கழகங்களுக்கு முதல். முன்கூட்டியே அணியப்படுத்திய உரைக்கு 5 முதல் 7 மணித்துளி. 5-இல் பச்சை விளக்கு, 6-இல் மஞ்சள் விளக்கு, 7-இல் சிவப்பு விளக்கு. ஒவ்வோர் உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர்க்கு 2 முதல் 3 மணித்துளி. முன்னறிவிப்பின்றிக் கொடுக்கப்பெறும் தலைப்பில் ஒன்றிரண்டு மணித்துளி பேசும் பகுதியும் உண்டு. வெற்றொலிகளை எண்ணுதற்கு ஒருவர், மொழிப்பிழை குறித்தற்கு ஒருவர், நேரங்காட்டுதற்கு ஒருவர். ஈற்றில், மதிப்பிட்டாரையே மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளர் ஒருவர். இவ் இறுதிப் பொறுப்பையே இன்று என் தலையில் சுமத்தியிருக்கின்றனர். வண்ண விளக்குகளுக்கு மாற்றாக வண்ணத்தாள் ஒட்டிய மூன்று பனையோலை விசிறிகளை நம் அன்பர்கள் பயன்படுத்துவது கண்டு மகிழ்ந்தேன். மின்னாற்றல் போனாலும் அணையாத விளக்கு அது. வெக்கையானால் விசிறிக்கொள்ளவும் ஆகும்!

"அயலான் முறை நமக்கெதற்கு?" என்று சென்ற திங்கள் அன்பர் ஒருவர் வினவினாராம். வினாவில் குற்றமில்லை. ஆயின், 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சமயச் சொற்பொழிவை எண்ணிப் பாருங்கள். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். கிறித்தவர் மக்கள்முன் நின்று உரைநடையில் பேசும் முறையை அருகிருந்து கண்டார். அம் முறையைக் கொண்டே தம் கொள்கையைப் பேசினார். முறையை வாங்கிக்கொண்டார், மொழியையும் பொருளையும் விட்டுக்கொடுத்தாரல்லர். (அவர் நடையில் வடசொல் மிகுதி என்பது வேறு செய்தி.) பெற்றுக்கொள்ளத்தக்க முறையைப் பெற்றுக்கொள்வதில் இழிவில்லை. நம்மிடமுள்ள அளவுகோலைத் தூக்கியெறிந்துவிட்டு அயலான் கோலால் அளப்பதே இழிவு. அவ் அளவுகோல் எது என்பதை இன்றைய உரைகளைக் கொண்டே சொல்கின்றேன்.

முதலாவதாகப் பேசிய தம்பி, நாஞ்சில் நாட்டு வயல்களைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டார். நல்ல பொருள், இவ் வட்டாரத்தில் ஒவ்வொரு வீட்டையும் தொடும் பொருள். 1906-இல் பேச்சிப்பாறை அணை நிறைவுற்றது முதல் கோதையாற்று நீர் கால்வாய் வழியே பாய்ந்து விளைந்த ஏலாக்கள், எவ்வாறு மண் கொட்டி மேடாக்கப்பட்டு மனைகளாக விற்கப்படுகின்றன என்பதே அவர் சொல்லவந்த செய்தி. ஆனால் என் கைக்குறிப்பைப் பாருங்கள்: தலைவரில் தொடங்கிப் பந்தல் போட்டவர் வரை 11 பேரை விளிப்பதற்கே அவர் இரண்டரை மணித்துளி செலவிட்டார். அடுத்த இரண்டரை மணித்துளி, தமக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி. தமக்குத் தகுதியில்லை என்னும் அவையடக்கம். ஓர் நகைச்சுவைக் கதை. பச்சை விசிறி எழுந்தபோது அவர் அணையருகே நின்றார். சிவப்பு விசிறி எழுந்தபோது கால்வாயில் இறங்கியிருந்தார். வயலில் அவர் கால் படவே இல்லை! அங்ஙனமே, "நேரமின்மையால் முடித்துக்கொள்கிறேன்" என்று அமர்ந்தார். நேரம் இருந்தது, தம்பி. அதனை விளியில் இறைத்துவிட்டீர்கள். நான் ஒரே வரியில் விளித்து முடித்த கரணியம் இதுவே.

பவணந்தியார் நன்னூலில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வகுத்துவைத்தார். அவை பேச்சுக்கும் பொருந்துவன. தம்பியின் பேச்சில் இருந்தவை அவற்றுள் இரண்டு: தொடக்கத்தில் மிகைபடக் கூறல், முடிவில் சென்று தேய்ந்திறுதல். எழுநூறு, எண்ணூறு ஆண்டுகட்கு முன்பே இக் குற்றத்திற்குப் பெயரிட்டுவிட்ட இனத்தில் பிறந்த நாம், அதனைச் சுட்ட ஆங்கிலச் சொல் தேடவேண்டுவதில்லை.

இரண்டாவதாகப் பேசியவர் கல்லூரி மாணவி. தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வரும் பறவைகளைப் பற்றிப் பேசினார். 2022-ஆம் ஆண்டு இக் குளங்கள் இராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற செய்தியோடு தொடங்கினார். மூன்று மணித்துளி மனப்பாடம் ஆறாக ஓடியது, அதன்பின் நின்றுவிட்டது. அவையில் ஒரு பேரமைதி. சிலர் தலைகுனிந்துகொண்டோம். அப்போது அவர் செய்ததுதான் இம் மாலையின் முதல் நற்செயல். கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, தாம் சென்ற வாரம் தேரூர்க் குளக்கரையில் நின்று கண்டதைச் சொன்னார். தாமரையிலைமேல் நீண்ட விரல்களை ஊன்றி ஒரு தாமரைக்கோழி நடந்ததையும், அதன் பின்னே குஞ்சுகள் நடந்ததையும் சொன்னார். அவர் குரலே மாறிவிட்டது. கைகள் தாமே அசைந்தன. பின்வரிசைச் சிறுவர்கள் நிமிர்ந்தனர். அவரை மதிப்பிட்ட அம்மையார் இதனைத்தான் சுட்டினார்: "மகளே, மறந்தபின் நீ பேசியதே உன் பேச்சு. அடுத்த முறை அங்கேயே தொடங்கு." இரண்டு சொற்றொடர். இதனினும் சிறந்த மதிப்பீட்டை நான் கேட்டதில்லை. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தது வீணன்று. அம் மாணவிக்குச் சொல் இருந்தது. அவை நோக்கிய அஞ்சாமை பாதி வழியில் வந்து சேர்ந்தது.

மூன்றாவது உரை பூதப்பாண்டியில் பிறந்த தோழர் சீவாவைப் பற்றியது. ஒரு காலத்தில் உயிரின்பன் என்று தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர் அவர் என்பதை நம் இதழ்ப் படிப்பாளர் அறிவர். பிறந்தது 1907, சட்டமன்றம் புகுந்தது 1952, மறைந்தது 1963 என்று பெரியவர் எல்லாம் சரியாகவே சொன்னார். ஆயின், கூட்டங் கூட்டமாக மக்களைக் கட்டிவைத்த அந் நாவலன் எவ்வாறு பேசினார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேற்சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது உரைக்கு வருகின்றேன். நான் இங்கு நிற்பது பெரும்பாலும் அதன் பொருட்டே.

அண்டையூராட்சி ஒன்றிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மையார் பேசினார். மேடையேறுவது இதுவே அவர்க்கு முதல்முறை. மூன்றே மணித்துளி பேசினார். தம் தெருவில் எத்தனை வீடுகள், எந்தக் குழாய், எத்தனை நாளாக நீர் வரவில்லை, எவ்வளவு தொலைவு நடக்கவேண்டியுள்ளது, குடம் என்ன விலை என்று வரிசையாகச் சொன்னார். "ஒம்பது நாளா வெள்ளம் வரல்ல" என்று தொடங்கினார். விளியில்லை; அவையடக்கமில்லை; பழங்கதையில்லை. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 முதலிய நாள்களில் ஊராட்சிதோறும் கூடும் ஊரவைக் கூட்டத்தில் — அரசு தாள்களில் கிராம சபை என்பர் — எழுந்து நின்று இதைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் இம் மன்றத்திற்கு வருகிறார். பரிசுக்கன்று, பட்டத்திற்கன்று.

அவரை மதிப்பிட்ட நண்பர் என்ன சொன்னார்? "வெள்ளம் என்பது மலையாளம், நீர் என்றோ தண்ணீர் என்றோ சொல்லவேண்டும். பேச்சு முழுதும் கொச்சை. ஐந்து மணித்துளியும் நிறையவில்லை. மேடைக்குரிய குரல் வாய்க்கவில்லை." அம்மையார் முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமர்ந்ததை நாம் அனைவரும் கண்டோம்.

நண்பர் தமிழ்ப்பற்று மிக்கவர் என்பதை அறிவேன். அதனால்தான் இதனை இவ் அவையிலேயே, அவர் முகத்தெதிரேயே சொல்கின்றேன். வெள்ளம் தமிழ்ச் சொல். நீர்ப்பெருக்கைக் குறித்து நம் பழநூல்களில் பயின்றுவரும் சொல். வடக்கே உள்ளார் அதனைப் பெருக்கிற்கு மட்டும் வைத்துக்கொண்டனர். குமரிநாட்டார் குடிக்கும் நீருக்கும் வழங்குகின்றனர். மலையாளத்தாரும் வழங்குகின்றனர் எனின், அதனால் நம் சொல் அவர் சொல்லாகிவிடுமோ? ஒருதாய் மக்கள் இருவர் வீட்டிலும் ஒரே ஏனம் இருப்பதில் வியப்பென்ன? மொழிஞாயிறு பாவாணர் (1902-1981) தம் சொல்லாய்வில் நூல்வழக்கை மட்டுமா சான்றாகக் கொண்டார்? உழவரும் ஆயரும் மீனவரும் பெண்டிரும் பேசும் உலகவழக்கை ஊர் ஊராகப் பொறுக்கியெடுத்துச் சான்று காட்டினார். தூய தமிழ் என்பது தாயின் வாயை அடைக்கும் துணிப்பந்தன்று. வெளியே தொலைந்த சொற்களை அவள் வாயிலிருந்துதான் நாம் மீட்கிறோம்.

இன்னொன்று. வெற்றொலி எண்ணிய தம்பியின் தாளை வாங்கிப் பார்த்தேன். முதற்பேச்சில் 'வந்து' 17 முறை, 'சோ' 6 முறை, 'ஆக்சுவலி' 4 முறை. மனைக்கு 'பிளாட்டு' என்றும் வயலுக்கு 'லேண்டு' என்றும் வந்துள்ளன. அப் பேச்சை மதிப்பிட்டவர், "அருமை, மிக அருமை, எதிர்கால நாவலர்" என்று கூறி முடித்துக்கொண்டார். தமிழன் வாயில் 'சோ' இருக்கலாம், வெள்ளம் இருத்தலாகாதா? படித்த இளைஞர்க்குக் கைதட்டலும் படியாத தாய்க்குக் குட்டும் வழங்குவது மதிப்பீடன்று. அதற்கு வேறு பெயர் உண்டு, சொல்லவேண்டா.

இம் மண்ணின் பழைய நிலையையும் நினைவூட்டுவேன். திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளம் கோலோச்சிய நாளில், இங்குள்ள தமிழர் தம் குறையைத் தம் மொழியில் சொல்லி அலுவலகத்தாரைக் கேட்பிக்க எத்துணைப் பாடுபட்டனர் என்பதை மூத்தோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1954 ஆகத்து 11-ஆம் நாள் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் காவலர் துப்பாக்கிக்குத் தமிழர் இரையாயினர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதன்பின், தமிழ்நாட்டு எல்லைக்குள், தமிழர் கூடிய மன்றத்தில், ஒரு தமிழ்த்தாயைப் பார்த்து "நீ பேசுவது மலையாளம்" என்று நாமே சொல்வதெனின், அவ் இணைப்பால் அவள் பெற்றதென்ன? இன்று அவர் குனிந்த தலையோடு வீடு சென்று, ஊரவைக் கூட்டத்தன்று கதவடைத்து இருந்துவிட்டால், அத் தெருவுக்கு நீர் வாராமைக்கு நாமும் பொறுப்பாவோம்.

அங்ஙனமாயின் அவர் பேச்சில் குறையே இல்லையோ? உண்டு. நண்பர் காணாமல் விட்ட குறைகள் உண்டு. தமக்கு வேண்டுவது என்ன, யார் செய்யவேண்டும், எந்நாளுக்குள் செய்யவேண்டும் என்பதைப் பேச்சின் நடுவில் ஒருமுறை மட்டுமே சொன்னார். இறுதியில் அஃது இல்லை. ஊரவையில் அதுவே முதலிலும் ஈற்றிலும் வரவேண்டும். முன்னர்க் கொடுத்த விண்ணப்பங்களின் நாள்களைச் சொல்லவில்லை. நன்னூலார் குன்றக்கூறல் என்றது இதனையே. ஒவ்வொரு சொற்றொடரின் முடிவிலும் குரல் தாழ்ந்தது. 'வேண்டும்' என்னும் சொல்தான் எவர் காதிலும் விழவில்லை. பேசும்போது தரையைப் பார்த்தார். எதிரே அமர்ந்திருக்கும் தலைவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். இவை நான்கும் ஒரு திங்களில் திருத்தத்தக்கவை. குரல் வாய்க்கவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? திருத்த இயலாததைச் சுட்டுவது மதிப்பீட்டாளர் வேலையன்று.

கேட்பதும் ஒரு வேலை, நண்பர்களே. 1908-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசியபோது திரண்டு கைதட்டியோர் பல்லாயிரவர். சொல்லைச் சொல்லாகக் குறித்துக்கொண்டு போனவர்கள் வெள்ளையன் ஏவிய காவலர்கள்! அக் குறிப்புகளையே வழக்குமன்றத்தில் அடுக்கி, அவ் ஆண்டு சூலைத் திங்களில் சிதம்பரனார்க்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தனர். பகைவன் கேட்ட அத்துணை உன்னிப்பாக அன்பர்கள் கேட்பதில்லை. இன்று மதிப்பிட்ட நால்வருள் கையில் எழுதுகோல் வைத்திருந்தவர் ஒருவரே. அம் மாணவியை மதிப்பிட்ட அம்மையார்தாம் அவர்.

இனி, இம் மன்றத்தார்க்கு என் வேண்டுகோள் ஒன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்பது பனம்பாரனார் பாயிரச் செய்தி. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள அதங்கோடே அவ் ஆசானின் ஊர் என்பது இங்குள்ளோர் நெடுநாட் கருத்து. நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்வார். தொல்காப்பியர்மேல் சினங்கொண்ட அகத்தியர், அந் நூலைக் கேளற்க என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்கவேண்டும் என்று மன்றாடினாராம். இருவர்க்குமிடையே அகப்பட்ட ஆசான், கேட்பேன், ஆயின் கூறிய இடமெல்லாம் குற்றம் காட்டுவேன் என்று முடிவுசெய்தாராம். அவர் எழுப்பிய தடைகளுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை பகர்ந்தாராம். கதையை அப்படியே நம்பவேண்டும் என்பதில்லை. அகத்தியர் பெயரைத் தாங்கிய வட்டத்தில் நின்றுகொண்டு அவரைக் குறைகூறவும் நான் துணியவில்லை! என் கருத்து வேறு. குற்றங் காண்பதே நோக்கமாக வந்த ஆசானும், குற்றத்தை நூலின்மேல் சுட்டினாரேயன்றி நூலாசிரியரின் பிறப்பின்மேலோ குரலின்மேலோ சுட்டியதாகக் கதையில் இல்லை. விடை கூறுதற்கு இடமும் அளித்தார்.

சுமெட்லி முறையில், மதிப்பீட்டுக்குப் பேசினவர் மறுமொழி கூறும் வழக்கமில்லை. கேட்டுக்கொண்டு அமர்வதே ஒழுங்கு. நம் முறையில் உண்டு. ஆகலின், அடுத்த கூட்டம் முதல் ஒவ்வொரு மதிப்பீட்டுக்குப் பின்னும் பேசினவர்க்கு மறுமொழி கூற 1 மணித்துளி ஒதுக்குக. பூசல் வளரும் என்று அஞ்சவேண்டா; அதற்கும் சிவப்பு விசிறி உண்டு. இன்று அந்த ஒரு மணித்துளி இருந்திருப்பின், "வெள்ளம் எங்க அம்மை சொன்ன சொல்லு" என்று அம்மையாரே சொல்லியிருப்பார். நான் இவ்வளவு நீட்டியிருக்கவேண்டியதில்லை.

இடைவேளையில் இருவரிடமும் பேசினேன். அடுத்த திங்கள் அம்மையார் இதே பொருளை மீண்டும் பேசுவார். தேவை முதலிலும் ஈற்றிலும் வரும். இன்று மதிப்பிட்ட நண்பரே மீண்டும் மதிப்பிடுவார். எழுதுகோலும் தாளும் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்பின் நாள் குறித்து, அம்மையாரோடு ஊரவைக்கு நம்மில் நால்வர் செல்வது என்றும், அங்கு நாம் வாய்திறவாமல் அவரையே பேசவிடுவது என்றும் முடிவாகியுள்ளது. முதற்பேச்சாளர்த் தம்பி, விளியின்றி நேரே வயலில் இறங்கும் உரையோடு வருவார்.

பச்சை விசிறியின் ஓலை கிழிந்துள்ளது. பனையோலை முடையத் தெரிந்தார் எவரேனும் புதிதாக ஒன்று கொண்டுவருக. வணக்கம்.